பொலோன்யாவில் பந்திக்கு முந்து

ஏட்டி, இங்கன வந்து உக்காரு. தனியா இத்தாலிக்குப் போறியாமே. வீட்டுல ஆளாளுக்குப் புத்தி சொல்லி முடிச்சாச்சுன்னு கேள்விப்பட்டேன். உங்க அம்மா கழுத்துல கெடக்கத கழட்டி வைக்கச் சொல்லிட்டா. உங்க அப்பன் பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து எடுத்து கடைக்காரனுக்கு ஒரு மாச வருமானம் பாத்துக் குடுத்துட்டான். உங்க ஆச்சி அடுப்பங்கரையில புளிக்காய்ச்சல் கிண்டுதா, வாடை தெருமுக்கு வரைக்கும் வருது. மிச்சம் இருக்கது நான் ஒருத்தன்தான். கிழவன் ஒண்ணும் சொல்லாம அனுப்பிட்டான்னு நாளைக்குப் பேச்சு வரப்படாது பாரு.

முதல்ல அந்தத் திட்டத்தை வாசி, கேப்போம். காலையில ஏழு மணிக்கு ஃப்ளாரன்ஸ்ல ரயில் ஏறுத. எட்டு மணிக்கு முன்னால பொலோன்யாவுல எறங்குத. பத்து மணிக்கெல்லாம் அங்கன இருந்து வெனிஸ் வண்டியப் பிடிக்க. அதுக்குள்ள ஊரைப் பாத்து முடிச்சிருவ. சபாஷ்! மந்திரிமாரு வெள்ளச் சேதம் பாக்கதுகூட இவ்வளவு வெரசா முடிஞ்சதில்ல. நான் சொல்லுதேன், இன்னும் சுருக்கிரு. வண்டிய விட்டு எறங்காத. சன்னல் வழியாப் பாத்து ரெண்டு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிரு. செருப்பாவது தேயாம இருக்கும்.

சிரிக்கியே, சிரி. உங்க பெரியப்பன் பொலோன்யாவுல வேலை பாத்த காலத்துல நானும் ஆச்சியும் போயி இருந்தோம்லா. பகல்ல வீட்டுல எல்லாரும் சோலிக்குப் போயிருவாவ. ஆச்சி பேரப்பிள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்பா. நான் பாஷையும் தெரியாம, துணையும் இல்லாம தெருத் தெருவா அலைவேன். அதனால தனியா ஊர் சுத்துத பாடத்துல எனக்கும் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டும். அந்த வெனிஸ் எங்கயும் ஓடிராது. பொலோன்யாவுக்கு ஒரு முழு நாளக் குடு. அந்த நாள எப்படிச் செலவழிக்கணும்னு சொல்லுதேன்.

காலம்பற காப்பிக்கடையில நின்னுக்கிட்டே குடி. அநேகக் கடையில நின்னு குடிச்சா ஒரு வெல, மேசையில உக்காந்து குடிச்சா கூடுதல் வெல. காசு மிச்சம்ங்கதுக்காக நான் சொல்லல. நின்னாத்தான் பக்கத்துல நிக்கவன் முழங்கை உன் முழங்கையில இடிக்கும், அவன் 'போன்ஜோர்னோ'ம்பான், நீயும் திருப்பிச் சொல்லியாகணும். தனியா வந்தவளுக்கு அன்னைக்கு அதுதான் முதல் போணி. நுரை பொங்கப் பொங்கக் குடுக்கானே கப்புச்சீனோ, அதையும் காலையிலயே முடிச்சுக்கிடு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொறவு கேட்டாலும் குடுப்பாவ. ஆனா வயித்துக்கு என்னமோ வந்துட்டுன்னு உன்ன நெனச்சு இரக்கப்படுவாவ.

பொறவு நட. வெயிலுக்குத் தொப்பி, மழைக்கு மடக்குக் குடை எல்லாம் வாங்கிட்டியாமே. நல்லது, பத்திரமாப் பெட்டியிலயே வச்சுக்கிடு. அந்த ஊர்ல வீட்டு மாடியத் தெருப் பக்கமா நீட்டி, தூண் குடுத்துத் தாங்கி, அடியில ஜனம் நடக்க வழி விட்டிருக்காவ. இப்படி வீட்டுக்கு வீடு தொடர்ந்து, ஊருக்குள்ளயும் வெளியிலயும் சேத்து 62 கிலோமீட்டர் தூண்மண்டபம். 2021-ல யுனெஸ்கோக்காரன் அத உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துட்டான்.

அது எப்படி வந்துதுன்னு நெனைக்க? எல்லாம் வாடகை ஆசைதான். அங்கன உள்ள பல்கலைக்கழகம் 1088-ல தொடங்குனதுன்னு சொல்லுவாவ. படிக்க வந்த பயலுவளுக்கு இடம் வேணும்லா? வீட்டுக்காரன் மாடியத் தெரு மேல நீட்டி அறை போட்டான். நீட்டுனது விழுந்துராம இருக்கத் தூண் நட்டான். ஆக்கிரமிப்புன்னு நோட்டீஸ் ஒட்டி, கோர்ட்டுல தடை வாங்கி, ரெண்டு தலைமுறை வக்கீல் குடும்பம் வாழ்ந்திருக்க வேண்டிய விஷயம். அங்கன 1288-ல ஒரு சட்டம் போட்டாவ. புதுசா வீடு கட்டுதவன் தூண்வழி விட்டே தீரணும். குதிரை மேல வாரவன் தலை தட்டாமப் போகணும், அதனால உசரம் 2.66 மீட்டராவது இருக்கணும். இடம் வீட்டுக்காரனுக்கு, நடக்க உரிமை ஊருக்கு. சோலி முடிஞ்சுது. நம்ம பாட்டன் காலத்துத் திண்ணையும் இந்தக் கணக்குதான் பாத்துக்கிடு, வீடு நம்மது, உக்காருத இடம் வழிப்போக்கனுக்கு. நாம திண்ணைய இடிச்சுட்டு கார் நிறுத்த இரும்பு கேட்டு போட்டோம். அவிய அத வச்சே உலகப் பட்டியல்ல எடம் பிடிச்சிட்டாவ. யாரு வெவரம்னு நீயே சொல்லு.

கால்ல பலம் இருந்தா சான் லூக்கா குன்றுக்குப் போற தூண்மண்டபத்துலயும் நடக்கலாம். 1674-ல கட்டத் தொடங்குனது, 666 வளைவு, நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. வருசா வருசம் மே மாசம் மலை மேல இருக்க மாதா படம் ஊருக்குள்ள எறங்கி வரும். மாதாவே மழையில நனையப்படாதுன்னு கட்டுன வழி. ஆனா உனக்கு ஒரு நாள்தான் இருக்கு. மேல ஏறிட்டு வந்தா மத்தியானப் பந்தி கை நழுவிரும். கடவுள் கோவிச்சுக்கிட மாட்டாரு, வயிறு கோவிச்சுக்கிடும்.

பெரிய சதுக்கத்துல சான் பெத்ரோனியோ கோயில் இருக்கு. 1390-ல ஆரம்பிச்சு இன்னும் முகப்பு முடியல. கீழ்ப்பாதி பளிங்கு, மேல்பாதி வெறும் செங்கல். ஒப்பந்தக்காரன் நம்மூர்க்காரனோன்னு நான் விசாரிச்சேன், இல்லையாம். உள்ள போறதுக்கு முன்ன தோளை மூடிக்கிடு. 1655-ல காசினின்னு ஒரு வானசாஸ்திரி கூரையில ஒரு துவாரம் போட்டு, தரையில 67 மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு பதிச்சான். வெயில் அந்தத் துவாரம் வழியா எறங்கி தரையில தட்டு அகலத்துக்கு வட்டமா விழும். உச்சி நேரத்துல அந்த வட்டம் கோட்டத் தாண்டும், தாண்டுத எடத்த வச்சு இன்னைக்கு என்ன தேதின்னு சொல்லிரலாம். கோடை காலத்துல உன் கைக்கடியாரம் ஒரு மணி தாண்டுன பொறவுதான் அங்கன உச்சி, அந்நேரம் கோயில் தொறந்திருக்கான்னு மட்டும் கேட்டுக்கிடு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். வட்டத்தோட ஓரம் சும்மா இருக்காது, துடிக்கும். பைய நகந்து கோட்டத் தொடும், பாதியா இருக்கும், அந்தப் பக்கம் போயிரும். பூமி சுத்துதுன்னு வாத்தியாரு சொன்னதக் கண்ணால பாத்தது அன்னைக்குத்தான். பக்கத்துல நின்ன கூட்டத்துல பாதிப் பேரு அத செல்போன்லதான் பாத்தான். நீயும் அப்படியே பாரு. பூமி எங்க போயிறப் போவுது?

ரெண்டு கோபுரம் இருக்கு. அசினெல்லி 97 மீட்டர், 498 படி. பக்கத்துல கரிசெந்தா 48 மீட்டர், நல்லா சாஞ்சுபோய் நிக்கும். படிப்பு முடியறதுக்கு முன்ன அசினெல்லியில ஏறுன மாணவன் பட்டம் வாங்க மாட்டான்னு அந்த ஊர்ல ஒரு நம்பிக்கை. படிக்காததுக்கு இம்புட்டு நல்ல சாக்கு நம்ம பிள்ளைகளுக்கு அமையல பாத்தியா. 2023 அக்டோபர்ல கரிசெந்தா நெலமை மோசம்னு சுத்தி அடைச்சு, அசினெல்லியில ஏறுததையும் நிறுத்திட்டாவ. என் முழங்காலுக்கு அது எப்பவுமே அடைப்புதான். நீயும் கீழ நின்னு அண்ணாந்து பாரு, போதும்.

அந்த ஊர்க் கதை பூரா சன்னலும் சாவித்துவாரமும்தான். ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருவுல காசா இசோலானின்னு ஒரு வீடு, மரத்தூண் வச்சது. அது மேல்கூரையில மூணு அம்பு குத்தி நிக்குன்னு காட்டுவாவ. யாரோ ஒரு வீட்டுக்காரிய எய்ய வந்த வில்லாளிக, அவ சன்னல்ல வந்து நின்ன கோலத்தப் பாத்துக் குறி தப்பிட்டாவளாம். என்ன கோலம்னு தாத்தாகிட்ட கேக்கப்படாது. அப்புறம் வியா பியெல்லா தெருவுல சுவத்துல ஒரு சின்ன சன்னல். அதத் தொறந்தா அந்தப் பக்கம் ஒரு வாய்க்கா ஓடுது. அம்புட்டுதான். அந்த வாய்க்காவுக்குள்ள தலைய நீட்டிப் போட்டோ எடுக்க வரிசையில நிக்காவ. நம்ம வீட்டுக் கொல்லையில வாய்க்கா ஓடுதேன்னு ஒரு நாள் எட்டிப் பாத்தவளா நீ? இதுக்கும் வரிசையில நிப்ப, எனக்குத் தெரியும்.

சதுக்கத்துல பொதெஸ்தா மாளிகைக்கு அடியில நாலு வழி கூடுத வளைவு ஒண்ணு உண்டும். ஒரு மூலையில சுவத்தப் பாத்துக் குசுகுசுன்னு பேசுனா, எதிர் மூலையில நிக்கவனுக்குக் காதுக்குள்ள கேக்கும். நடுவுல நிக்கவனுக்கு ஒண்ணும் கேக்காது. தனியாப் போறவளுக்கு அங்கன ஒரு சங்கடம் இருக்கு. எதிர் மூலையில நிக்க ஆள் வேணும். கூச்சப்படாத. பாக்க நல்ல பாட்டியா ஒருத்தியப் பாத்து, கைய நீட்டி மூலையக் காட்டு. புரிஞ்சுக்கிடுவா. அவ இத்தாலியனுல சொல்லட்டும், நீ தமிழ்ல சொல்லு. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வெளங்காது, ரெண்டு பேரும் சிரிச்சிருவிய. நான் ஒரு தாத்தாவப் பிடிச்சு ஆச்சியப் பத்தி நாலு வார்த்தை சொல்லிட்டு வந்தேன். உலகத்துலயே அத நிம்மதியாச் சொல்ல முடிஞ்ச இடம் அதுதான்.

பழைய பல்கலைக்கழகக் கட்டடத்துல பொணம் அறுத்துப் பாடம் நடத்துன மர மண்டபம் இருக்கு. 1944-ல குண்டு விழுந்து நொறுங்குனத எடுத்துத் திரும்பக் கோத்து வச்சிருக்காவ. அதப் பாக்கணும்னா சாப்பாடு செரிச்ச பொறவு போ.

இப்பதான் விஷயத்துக்கு வாரேன். பொலோன்யாவப் படிச்சவ, கொழுத்தவ, செவந்தவன்னு அந்நாட்டுல சொல்லுவாவ. படிப்பு உனக்கு இருக்கு. வெயில்ல நடந்தா செவந்துருவ. மிச்சம் இருக்க ஒண்ணுக்குத்தான் நான் வழி சொல்லுதேன்.

மத்தியானம் குவாத்ரிலாத்தெரோன்னு சதுக்கத்துக்குப் பக்கத்துல கடைச் சந்து. மீன், காய், பாலாடைக்கட்டி, தொங்கவிட்ட தொடைக்கறி எல்லாம் கண்ணப் பறிக்கும். ரொட்டி கொஞ்சம், பார்மிஜானோ ஒரு துண்டு, மனசுக்கு ஒத்துக்கிட்டா மோர்த்ததெல்லா வாங்கிக்கிடு. அது பன்னிக்கறி, காகிதம் கணக்கா சீவித் தருவான். பொட்டலத்த எடுத்துக்கிட்டு அங்கனயே ஒரு முடுக்குல இருக்க ஒஸ்தெரியா தெல் சோலேக்குப் போ. 1465-ல இருந்து நடக்க கடை. அங்கன சமையலே கெடையாது. குடிக்கது அவன்கிட்ட வாங்கணும், திங்கது நீ கொண்டு போகணும். நீளமான மரமேசை, பெஞ்சு. எடம் இருக்க எடத்துல உக்காரணும். 'ஒத்தையா வந்திருக்கியளா, மூலையில போடவா'ன்னு கேக்க ஆள் கெடையாது.

நான் போனப்ப எதிர்த்தாப்புல ஒரு கிழவன். பையில இருந்து மடக்குக் கத்திய எடுத்து, துணியில தொடச்சு, பாலாடைக்கட்டிய ஓரஞ்சாரம் நறுக்கி, முதல் துண்ட என் பக்கமாத் தள்ளுனான். பாக்கவுமில்ல, பேசவுமில்ல. நான் என் ரொட்டியப் பிச்சு அவன் பக்கம் தள்ளுனேன். அரைமணி நேரம் அப்படியே வியாபாரம் நடந்துது. எழுந்திரிக்கையில தோளத் தட்டிட்டுப் போயிட்டான். நான் குடிச்சது திராட்சை ரசம். ஆச்சி கேட்டா அதத்தான் சொல்லணும், அதுக்கு மேல வெளக்கப்படாது.

ஆக, ஆச்சி கிண்டுத புளிக்காய்ச்சல வேண்டாம்னு சொல்லாத, எடுத்துட்டுப் போ. கட்டுச்சோத்தக் கொண்டாந்து தின்னுங்கோன்னு மேசை போட்டுக் குடுக்க கடைய அந்த நாட்டுல விட்டா எங்க தேட? ரொட்டியில தடவிப் பக்கத்துல இருக்கவனுக்கு ஒரு துண்டு நீட்டு. கொஞ்சமாத் தடவு, பாவம். கண்ணுல தண்ணி வந்தா சந்தோசத்துல வந்ததுன்னு வச்சுக்கிடு.

ராத்திரி சாப்பாட்டுக்கு ஆறு மணிக்குப் போய் நிக்காத, அடுப்பே பத்தியிருக்காது. ஏழரை, எட்டுக்கு மேலதான். போய், 'ஸ்பாகெட்டி பொலோனேஸ்'னு கேட்டுப் பாரு, ஊர் மானத்த வாங்குனதுக்கு உன்ன ஒரு பார்வை பாப்பாவ. அந்த ஊர்ல கறிக்கொழம்பு தாலியதெல்லேங்க பட்டை நூடுல்ஸ்லதான் சேரும். அந்தக் கறிக்கொழம்புக்குப் பேரு ராகூ. ஆச்சி அதக் கேட்டதும் பரிகாரம் உண்டுமான்னு கேட்டா. மாட்டுக்கறியும் பன்னிக்கறியும் சேத்தது, ஒத்துக்கிடலன்னா ரிக்கோத்தா பாலாடை வச்ச தோர்தெல்லோனி வாங்கிக்கிடு, வெண்ணெயில பெரட்டித் தருவான்.

அந்தத் தாலியதெல்லே எத்தனை அகலம் இருக்கணும்னு 1972-ல வணிகர் சங்கத்துல பதிஞ்சு வச்சிருக்காவ. வெந்த பொறவு 8 மில்லிமீட்டர். அசினெல்லி கோபுரத்து உசரத்துல 12,270-ல ஒரு பங்கு. அந்த அளவுக்குத் தங்கத்துல ஒரு துண்டு செஞ்சு பத்திரமா வச்சிருக்காவ. கோபுரத்துல ஏற முடியலன்னு வருத்தப்படாத, தட்டுல வாரது அதே கோபுரம்தான், நறுக்கி வச்சிருக்கு. சின்னதா மடிச்ச தோர்தெல்லினிக்கும் ஒரு கதை உண்டும். சத்திரக்காரன் ஒருத்தன் சாவித்துவாரம் வழியாத் தேவதை தொப்புளப் பாத்து அந்த வடிவத்துல செஞ்சானாம். சொன்னேம்லா, சாவித்துவாரம்னு.

பில்லுல 'கொப்பெர்த்தோ'ன்னு தலைக்கு ரெண்டு மூணு யூரோ போட்டிருப்பான். ஏமாத்துதான்னு சண்டைக்கு நிக்காத, ரொட்டிக்கும் மேசைக்கும் உள்ள பணம் அது. கொழம்பு மிச்சம் இருந்தா ரொட்டிய வச்சுத் தட்டத் தொடச்சுத் தின்னு. சாதாரணக் கடையில எல்லாரும் அதச் செய்வாவ. ஆனா நூடுல்ஸக் கத்தியால நறுக்காத, அத யாரும் மன்னிக்க மாட்டாவ.

தனியாப் போய் ரெண்டு பேரு மேசையில ஒத்தையா உக்காந்து, எதிர் நாற்காலியில கைப்பைய உக்கார வச்சு, செல்போன உப்பு டப்பாவுல சாச்சு வச்சு, அதப் பாத்துக்கிட்டே திங்கலாம்னு இருப்ப. இத்தாலி வரைக்கும் போயி உன் கைப்பை கூடச் சாப்பிட என்னத்துக்குட்டி டிக்கெட்டு? நீள மேசை இருக்க கடையாக் கேளு. வீட்டுக்காரம்மாவே சமைச்சு, வந்தவிய எல்லாத்தையும் ஒரே மேசையில உக்கார வைக்க வீடுகளும் உண்டும், முன்கூட்டியே சொல்லி வச்சாப் போதும். கோடையில போனா சுத்துப்பட்டு ஊர்கள்ல சாக்ரான்னு திருவிழா, ஊர்க்காரங்களே சமைச்சு, நீளமா மேசை போட்டு, காகிதம் விரிச்சுப் பரிமாறுவாவ.

அந்த ஊர்ல ரொபெர்த்தோ மொர்கந்தினின்னு ஒருத்தரு. கூடவே பல வருசம் வாழ்ந்த அம்மாவ 2015-ல முறைப்படி கல்யாணம் கட்டுனாரு. பரிசு வேண்டாம், காசாக் குடுங்கன்னு வாங்கி, அந்த மொய்ய வச்சு இல்லாதவங்களுக்குச் சோறு போடப் பொதுச் சமையற்கூடம் தொறந்தாரு. வரிசையில நிக்க வச்சு அள்ளிப் போட்டு அனுப்பலாமே, செய்யல. மேசை போட்டு, எல்லாரையும் சேந்து உக்கார வச்சாரு. வயித்துப்பசி ஒருத்தனுக்கு, பேச்சுத்துணைப் பசி இன்னொருத்தனுக்கு, ரெண்டுக்கும் ஒரே மேசை. நம்ம வீட்டு மொய் நோட்டு மூணு தலைமுறையா பீரோவுல இருக்கு, எவன் எவ்வளவு பாக்கின்னு பாக்க.

பயமா இருக்குன்னு சொல்லுத. இருக்கட்டும், பயம் நல்லது. பைய மடியில வச்சுக்கிடு. கண்ணு முன்னால ஊத்தாதத குடிக்காத. ராத்திரி வெளக்கு எரியுத தூண்வழியாவே நடந்து அறைக்குப் போ. ஆனா யோசிச்சுப் பாரு, பன்னெண்டு பேரு உக்காந்த பெஞ்சுல ஒருத்தன் வம்பு பண்ணுனா, மிச்சப் பதினோரு பேரு அவனப் பாப்பாவ. மூலை மேசையில ஒத்தையா இருந்தா யாரு பாப்பா?

கண்ணுக்குத் துணை தேவையில்ல. இன்னொருத்தன் கூட வந்தாத்தான் பொறுமையில்ல, 'போதும் வா'ம்பான். அதனால ஊர் பாக்கத் தனியாப் போறது சரி, ஒத்துக்கிடுதேன். நாக்கு அப்படி இல்ல. உப்பு கூடவா, கம்மியான்னு சொல்லப் பக்கத்துல ஒருத்தர் வேணும். பந்திக்கு முந்துன்னு பெரியவிய சும்மாவா சொன்னாவ?

அதனால அங்கன இருந்து போன் பண்ணுதப்ப எத்தனை கோயில் பாத்தேன், எத்தனை படி ஏறுனேன்னு என்கிட்ட கணக்கு ஒப்பிக்காத. அத உங்க அப்பன்கிட்ட சொல்லு, அவன் எழுதி வச்சுக்கிடுவான். என்கிட்ட, யார் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட, அவிய உன் தட்டுல என்ன வச்சாவ, நீ அவிய தட்டுல என்ன வச்ச, அத மட்டும் சொல்லு. அதுக்குப் பதில் இல்லேன்னா நீ இத்தாலிக்குப் போகலன்னுதான் நான் வச்சுக்கிடுவேன்.